ஒன்பது பேருக்கு ஒரு சர்வாதிகாரி

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னைத் தவிர ஒன்பது பேர் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு நான் சர்வாதிகாரியாக இருந்திருக்கிறேன். அதுவும் விளையாட்டாக. உண்மையான சர்வாதிகாரிக்காவது ஒரு நாடு இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, எதிரிகள் இருக்கிறார்கள். எனக்கு இருந்தது ஒரு செல்போனும் அதன் சார்ஜரும்தான். அந்தச் சார்ஜரும் சரியாக வேலை செய்யாது.

போன வருடம் ஜூலை மாதம், ஆக்லாந்தில் நடந்தது இது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்று ஊரில் சொல்வார்கள். இங்கே ஆடி மாதத்தில் மழையும் குளிரும் சேர்ந்து வந்து ஆளைச் சுருட்டி மூலையில் வைத்துவிடும். நான் சுருண்டு கிடந்த மூலை லின்ஃபீல்டில் இருக்கிறது. ஒரு குஜராத்திக் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால், தோட்டத்தில் தனியாக நிற்கும் ஓர் அறை. ஸ்லீப்அவுட் என்பார்கள். அதில் படுக்கலாம். படுக்காத நேரத்தில் அதற்குள் ஒரு மனிதன் என்ன செய்வான் என்று கட்டியவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

மனைவி திருச்சியில் அரசுப் பள்ளி ஆசிரியை. மகள் பத்தாவது படிக்கிறாள். ஒரு வருடம் போய்ப் பாருங்கள், சரிப்பட்டால் நாங்களும் வருகிறோம் என்று அனுப்பிவைத்தார்கள். மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரிப்படவும் இல்லை, சரிப்படாமலும் இல்லை. கம்ப்யூட்டர் வேலை, வாரத்தில் பாதி நாள் அறையில் இருந்தபடியே. சில வாரங்களில் திங்கள் முதல் வெள்ளி வரை என் வாயிலிருந்து வந்த தமிழ், கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டபோது வந்த ஒரே ஒரு சொல்லாக இருக்கும். அதை இங்கே எழுத முடியாது.

அந்த வறட்சியில் கிடைத்த ஈரம், சனிக்கிழமை மதியப் படம். பக்கத்துத் தெருவில் இருக்கும் மலேசியத் தமிழ் அக்கா ஒருவர் தன் கராஜில் வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டு, ப்ரொஜெக்டரை அட்டைப்பெட்டி மேல் ஏற்றி, பழைய கருப்பு வெள்ளை நகைச்சுவைப் படங்களாகப் போடுவார். எந்த நாட்டுப் படமானாலும் சரி, யாராவது வாழைப்பழத்தோலில் வழுக்கி விழுந்தால் போதும். ஆளுக்கொரு தின்பண்டம் கொண்டுபோவோம். தகனினியிலிருந்து ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையோடு வருவார்கள். வரும் வழியில் பாபடோயிட்டோயில் தனியாக இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். மற்றவர்கள் அங்கங்கே இருந்து வந்து சேர்வார்கள்.

இந்த அனுபவம் அந்த அண்ணனைப் பற்றியது. ஐம்பதைத் தாண்டியவர். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு வரும் பயணிகளை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிடும் வேலை. அதிகம் பேச மாட்டார். ஆனால் நன்றாகச் சிரிப்பார். அதிலும் ஒரு விசேஷம், எல்லோரும் சிரித்து முடிக்கப்போகும் நேரத்தில்தான் அவர் சிரிப்பு கிளம்பும். முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, விரிப்பை மூக்கு தொடும் தூரத்தில் உட்கார்ந்துகொள்வார். அண்ணா, படத்துக்குள்ளேயே போய்விடாதீர்கள், திரும்பி வருவதற்கு விசா கிடைக்காது என்று நான் வாராவாரம் கிண்டல் செய்வேன். அவர் திரும்பிப் பார்த்துப் புன்னகைப்பார். ஏன் அவ்வளவு கிட்டத்தில் உட்கார்கிறார் என்று ஒருநாளாவது நான் யோசித்ததில்லை.

ஜூலையைச் சர்வாதிகாரிகள் மாதம் என்று அறிவித்தது நான்தான். அந்த நாட்களில் செய்தியைத் திறந்தால் ஏதாவது ஒரு நாட்டில் யாராவது ஒருவர் மாடத்தில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். அதைத் தனியாகப் பார்த்தால் பயமாக இருந்தது. கூட்டமாக உட்கார்ந்து பழைய படத்தில் பார்ப்போமே என்றேன். எல்லோருக்கும் பிடித்துப்போனது. மார்பு நிறையப் பதக்கம் குத்திக்கொண்டு பாரம் தாங்காமல் முன்பக்கமாகச் சாய்ந்து நடக்கும் சர்வாதிகாரி. தன் சிலையைத் தானே திறந்துவைக்கும்போது மூக்கு உடைந்து கையில் வந்துவிட, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் சர்வாதிகாரி. அப்படி வாரம் ஒருவர்.

முதல் படம் முடிந்ததும் நான் ஒரு பிரசங்கம் செய்தேன். படத்தில் வருகிறவருக்கும் செய்தியில் வருகிறவருக்கும் தொப்பி, மீசை, கோட்டு எல்லாம் ஒன்றுதான், இருவருக்கும் ஒரே தையல்காரர், வித்தியாசமே இல்லை என்றேன். அண்ணன் வடையை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"வித்தியாசம் இருக்குத் தம்பி. படத்தில அவர் விழுறார். வெளியில நாங்கள் விழுறம்."

எல்லோரும் கொஞ்ச நேரம் அவரவர் கையில் இருந்த வடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு யாரோ டீ கேட்டார்கள். நானும் அதை அத்தோடு மறந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நான் உடுப்போடு போனேன். பழைய துணிக்கடையில் ஒரு சிவப்புக் கோட்டு கிடைத்தது. ஏதோ ஹோட்டல் வாசலில் கதவு திறந்துவிட்டவருடையதாக இருக்க வேண்டும். அதில் சோடா பாட்டில் மூடிகளை வரிசையாகக் குத்திக்கொண்டேன். தொப்பி என் தலைக்குப் பெரியது, நடக்கும்போது கண்ணை மறைக்கும். கராஜ் கதவு மேலே சுருண்டு ஏற ஏற, முதலில் என் பூட்சும், பிறகு பதக்கங்களும், கடைசியில் தொப்பியும் தெரிகிற மாதிரி நின்றேன். தகனினிப் பையன் சிரித்துச் சிரித்துக் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். மூன்று வருடத்தில் முதல்முறையாக ஓர் அறை நிறைய மனிதர்கள் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். அது தலைக்கு ஏறிவிட்டது. தொப்பிக்குள் நிறைய இடம் இருந்தது அல்லவா.

சனிக்கிழமை மட்டும் போதவில்லை. குழுவில் தினமும் ஆணைகள் போட ஆரம்பித்தேன். சமோசா கொண்டுவருபவர் சட்னி இல்லாமல் வந்தால் தேசத்துரோகம். படத்தின் முடிவை முன்கூட்டியே சொல்பவருக்கு வாழ்நாள் பாத்திரம் கழுவும் தண்டனை. காலை வணக்கம் என்று ரோஜாப்பூப் படம் போடுவதற்கு முழுத் தடை. மீறினால் நாடு கடத்தல். அதாவது குழுவிலிருந்து நீக்கிவிடுவேன். திரும்பி வர வேண்டுமானால் இன்னொரு உறுப்பினர் மூலமாகக் கருணை மனு அனுப்ப வேண்டும். மனு எனக்குச் சிரிப்பு மூட்டினால் மன்னிப்பு.

மனுக்கள் பிரமாதமாக இருந்தன. பால்குடிக்கும் வயதில் தகப்பனை நாடு கடத்திய நாட்டில் என் குழந்தை எப்படி வளரும் மகாபிரபு என்று தகனினிப் பையன் எழுதியிருந்தான். அக்கா தான் செய்த நாசிலெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைப் படம் பிடித்து அனுப்பி, இதுவே என் மனு என்று முடித்துவிட்டார். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, தயிர்சாதத்தைப் பிசைந்தபடி இவற்றைப் படிப்பேன். மழை தகரக் கூரையில் கொட்டும். ஒரு கையால் மன்னிப்பு வழங்குவேன். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே ஆட்சி செய்தவன் உலக வரலாற்றில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மனைவியிடம் வீடியோ காலில் பெருமையாகச் சொன்னேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள். "இங்க டிவி ரிமோட்டே உங்க கைக்கு வந்ததில்ல. அங்க போய் நாடு கடத்துறீங்களா?"

அண்ணன் தினமும் விடிகாலை வேலைக்குப் போவதற்கு முன் ஒரு பூப்படம் போடுகிறவர். சில நாள் ரோஜா, சில நாள் தாமரை, வெள்ளிக்கிழமை என்றால் பூவுக்கு நடுவில் பிள்ளையார். தடை வந்ததும் இரண்டு மூன்று நாள் நிறுத்தியிருந்தார். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தாமரை வந்துவிட்டது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரஷ் வாயில் இருக்கும்போதே ஆணை பிறப்பித்தேன். அரசைக் கவிழ்க்கத் தாமரை வேடத்தில் வந்த சதிகாரர் நாடு கடத்தப்படுகிறார் என்று எழுதி, அவரை நீக்கினேன். மீதி எட்டுப் பேரும் விழுந்து புரண்டு சிரிக்கும் மஞ்சள் முகங்களை வரிசையாகப் போட்டார்கள். அன்றைக்கு நாள் முழுக்க நான் நல்ல மனநிலையில் இருந்தேன்.

மனு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சனிக்கிழமை அண்ணனும் வரவில்லை. ஏதோ வேலை இருக்கிறது, இந்த வாரம் வரவில்லை என்று போனில் சொன்னாராம். நான் முழு உடுப்பில் நின்றபடி, மனு இல்லாமல் யாருக்கும் மன்னிப்பு கிடையாது என்று முழங்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைய படத்தில் ஒரு காட்சி. சர்வாதிகாரி ஒரு ஜோக் சொல்வார். தளபதிகள் எல்லோரும் சிரிப்பார்கள். யார் முதலில் நிறுத்துவது என்று பயந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருப்பார்கள். கராஜில் நாங்களும் அதைப் பார்த்துச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு முன் நாற்காலியிலிருந்து வர வேண்டிய சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் யாரோ ஈரக்குடையை மாட்டிவைத்திருந்தார்கள்.

அவரைச் சேர்த்துவிடலாம் என்று அந்த வாரத்தில் பலமுறை நினைத்தேன். கட்டைவிரல் பெயருக்கு மேலே வரைக்கும் போகும். மனு இல்லாமல் சேர்த்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தோன்றும். விளையாட்டு கெட்டுவிடுமே. சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. அதைப் போட்டவன் நான்தான் என்பதையும், அதை எடுப்பதற்கு எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பதையும் அப்போது மறந்துபோயிருந்தேன்.

அடுத்த வாரம் அக்காவின் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெறும் பாத்திரம் கொடுக்கக் கூடாது என்று கடை முறுக்கைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அதிபர் வருகை தந்திருக்கிறார் என்று அக்கா அறிவிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் பாத்திரத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, உட்காருங்கள் என்றார்.

அவர் சொன்னது இதுதான். அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்ய ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள். லேசாக மயக்க மருந்து கொடுப்பார்கள் என்பதால், முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவும், அன்று இரவு கூடவே இருக்கவும் வயதுவந்த ஒருவர் வேண்டும். இங்கே அது கண்டிப்பான விதி. அண்ணன் டாக்ஸியில் போய்விடுகிறேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். டாக்ஸிக்காரர் ராத்திரி உங்களோடு இருப்பாரா என்று கேட்டார்களாம். இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொரு நாள் என்றால் மறுபடி காத்திருப்போர் வரிசையில், எத்தனை மாதமோ.

கண் மங்கியதால் வேலையிடத்தில் அவரை ஏற்கெனவே வேனிலிருந்து இறக்கி, மழையில் பயணிகள் விட்டுப்போன தள்ளுவண்டிகளைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். பயணிகளை ஏற்றும் லைசென்ஸைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு கண்ணாவது தெளியாவிட்டால் வேன் வேலை நிரந்தரமாகப் போய்விடும்.

எனக்குக் கோபம் வந்தது. நம்மில் யாரையாவது கேட்டிருக்கலாமே, உங்களைக் கேட்டிருக்கலாமே என்றேன்.

"தனியா ஒருத்தர்கிட்ட கேட்டா, அவுங்களுக்கு முடியாதுன்னு சொல்லக் கஷ்டமா இருக்கும்லா. குரூப்ல பொதுவா கேட்டா, முடிஞ்சவங்க வரலாம். அப்படி நெனச்சிருக்காரு" என்றார் அக்கா. "அன்னைக்குக் காலையில வழக்கம்போலப் பூவைப் போட்டுட்டு, அப்புறம் கேக்கலாம்னு ஒக்காந்தாராம். பாத்தா குரூப்லயே அவரு இல்ல."

அவரை நீக்கியபோது நீங்கள் எல்லோரும் சிரித்தீர்களே என்று கேட்டேன். அக்கா முறுக்கை உடைத்தபடி, சிரிக்காவிட்டால் அடுத்து எங்களைத் தூக்கிவிடுவீர்களோ என்று இருந்தது, பாதிப் பேர் குழுவை ம்யூட்டில்தான் வைத்திருக்கிறோம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போலச் சொன்னார்.

வாசலிலேயே நின்று அண்ணனைக் குழுவில் சேர்த்தேன். நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் வெளியேறினார் என்று ஒரு சாம்பல் நிற வரி வந்தது. போன் செய்தேன், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். பாபடோயிட்டோயில் புடவைக்கடைகளுக்கும் மிட்டாய்க்கடைகளுக்கும் பின்னால் ஒற்றைப் படுக்கையறை வீடு அவருடையது. கதவைத் திறந்தவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். யாரென்று தெரியாமல் பார்க்கிறார் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. குரலைக் கேட்டதும் உள்ளே வரச் சொன்னார். தேநீர் போட்டார்.

மன்னிப்புக் கேட்பதற்கு என்னிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது, ஜோக். பழக்கதோஷம். "அண்ணா, இந்தத் தடவை சர்வாதிகாரியே கருணை மனுவோட வந்திருக்கேன்" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி, நான் ரெண்டு நாட்டில மனு எழுதினனான். வருசக்கணக்கா. என்னை அனுப்பிப் போடாதேங்கோ எண்டு. இனி விளையாட்டுக்கும் எழுத மாட்டன்."

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தால் நான் வருகிறேன் என்றேன். பார்ப்போம் என்றார். எழுந்து வந்து கதவு வரை வழியனுப்பினார். காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இன்ஜினைப் போடாமல் இருந்தேன். எதிரில் ஒரு மிட்டாய்க்கடை, உள்ளே ஒரு குடும்பம் ஜிலேபி வாங்கிக்கொண்டிருந்தது. அங்கே இறங்கிப் போய் யாரிடமாவது எதையாவது பேச வேண்டும் போல இருந்தது. போகவில்லை.

சில நாள் கழித்து வேலை நேரத்தில் அக்கா போன் செய்தார். யாரோ ஒரு நோயாளி வராததால் நாளைக் காலையில் ஓர் இடம் காலியாகிறது, துணைக்கு ஆள் இருந்தால் வரலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறை அவர் அக்காவிடமே கேட்டுவிட்டார். ஆனால் அக்கா ஹாமில்டனில் மகள் வீட்டில் இருந்தார், தகனினிப் பையனுக்கு விடுப்பு இல்லை. நீங்கள்தான் போக வேண்டும் என்றார். என்னை ஏற்றுக்கொள்வாரா என்று கேட்டேன். "கேட்டேன். 'வரட்டும்'னாரு. அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் எனக்கு அலுவலகத்தில் முக்கியமான ஒரு வேலை இருந்தது. மேலாளரிடம் குடும்ப விஷயம் என்றேன். என் குடும்பம் இந்தியாவில் இருப்பது அவருக்குத் தெரியும். யாருக்கு என்றார். அண்ணனுக்கு என்றேன். இந்த நாட்டில் எனக்கு ஓர் அண்ணன் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைக் காட்டி அண்ணனிடம் இவர் உங்களுக்கு யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணன் யோசிக்காமல் "டிரைவர்" என்றார். நான் அவரை அண்ணனாக்கி விடுப்பு வாங்கியிருந்தேன், அவர் என்னை டிரைவராக்கிவிட்டார். சரியான சம்பளம்தான்.

நர்ஸ் பேனாவை நிறுத்தினார். டிரைவர் இரவும் கூட இருப்பாரா என்று கேட்டார். நான் இருப்பேன் என்றேன். நான் சொல்வது அவருக்குப் போதவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் இரண்டாவது முறையும் திரும்பிப் போக வேண்டியதுதான். அதைச் சொல்வதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அந்தச் சில நொடிகளில் நான் பிறந்ததிலிருந்து சொன்ன அத்தனை ஜோக்குகளும் எனக்கு எதிராக வரிசையில் வந்து நின்றன. கடைசியில் அவர் ஆமாம் என்று தலையை அசைத்து, தமிழ் தெரியாத அந்த நர்ஸிடம் "ஓம்" என்றார்.

மதியத்துக்கு மேல் ஒரு கண்ணில் துளை போட்ட பிளாஸ்டிக் மூடியை ஒட்டி அனுப்பினார்கள். மறுநாள் காலைப் பரிசோதனையில்தான் அதை எடுப்பார்கள், அதுவரை எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். வழியெல்லாம் மழை. வேன் ஓட்டிப் பழகியவர் அல்லவா, நான் ஓட்டியபோது அவர் கால் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

அவர் வீட்டில் நான் ரசம் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சுடுதண்ணியோ?" என்று கேட்டார். குனியக் கூடாது, கண்ணைத் தேய்க்கக் கூடாது, டிவி பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். சாப்பிட்ட பிறகு இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஹீட்டர் டிக் டிக் என்றது. எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது, அவருக்குப் பேசத் தெரியாது. கடைசியில் அவர் தானாக, தான் வராத அன்றைக்கு என்ன படம் போட்டோம் என்று கேட்டார்.

சொல்ல ஆரம்பித்தேன். உட்கார்ந்துகொண்டு சொல்ல வரவில்லை, எழுந்துவிட்டேன். கோட்டு இல்லை, தொப்பி இல்லை, ஓட்டை விழுந்த சாக்ஸோடு அந்தச் சின்ன அறையில் சர்வாதிகாரியாகவும் ஏழு தளபதிகளாகவும் மாறி மாறி நின்றேன். ஒரு தளபதி சிரிப்பை நிறுத்தப் பார்க்கிறான், பக்கத்திலிருப்பவன் நிறுத்தவில்லை என்று பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறான். மூச்சு வாங்கியது. அண்ணன் கையால் தொடையைத் தட்டிச் சிரித்தார். கண் அதிரக் கூடாது அண்ணா என்று நான் பதறினேன். அதற்கும் சிரித்தார். இந்தமுறை அவர் சிரிப்பு தாமதமாக வரவில்லை. ஏன் என்று அவரே சொன்னார்.

"கண் மங்கினதில இருந்து நான் படம் ஒண்டும் வடிவாப் பாக்கேல்லை. நீங்கள் எல்லாரும் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுத்தான் சிரிச்சனான்."

பிறகு ஏன் வாராவாரம் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நானும் படத்துக்காகப் போனவன் இல்லை.

அந்த இரவு அவர் வீட்டுச் சோபாவில் படுத்தபடி நான் நினைத்தது இதைத்தான். அன்று மாலை அவர் சிரித்ததை நான் நம்பலாம், ஏனென்றால் அவரை நீக்க என் கையில் எந்தக் குழுவும் இல்லை. குழுவில் எனக்கு விழுந்த நூற்றுக்கணக்கான மஞ்சள் முகங்களில் எது உண்மையான சிரிப்பு, எது அடுத்தது நம் தலையோ என்ற பயம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படத்துச் சர்வாதிகாரிக்கும் தெரியாது, செய்தியில் வருகிறவருக்கும் தெரியாது. அவர்களுக்காக நான் பரிதாபப்படவில்லை. ஆனால் தனிமையில் வாடிய ஒருவன், தன்னைச் சுற்றிக் கொஞ்சம் சத்தம் வேண்டும் என்பதற்காக, எவ்வளவு சுலபமாக அந்தத் தொப்பியைப் போட்டுக்கொள்கிறான் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இப்போது குழுவில் எல்லோரும் அட்மின். ஜனநாயகம் வந்ததும் ரோஜாப்பூக்கள் திரும்ப வந்துவிட்டன, காலையில் போனைத் திறந்தால் பூக்கடை மாதிரி இருக்கிறது. அண்ணன் குழுவில் மறுபடி சேரவில்லை. யாரும் அவரை வற்புறுத்தவும் இல்லை. லைசென்ஸ் கிடைத்து மறுபடி வேன் ஓட்டுகிறார். சனிக்கிழமைகளில் கராஜுக்கு வருகிறார், பின் வரிசையில் உட்கார்கிறார். சிரிப்பு வராத இடங்களில் சிரிக்காமல் இருக்கிறார். ஒருவரைச் சிரிக்க வைப்பதைவிட, அவர் சிரிக்காமல் இருக்கவும் இடம் விடுவது பெரிய நட்பு என்று இப்போது நினைக்கிறேன்.

ஆனாலும் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது பரிசோதனைக்குப் போன அந்த மறுநாள் காலைதான். மழை விட்டிருந்தது. மோட்டார்வேயில் கார்கள் நெருக்கியடித்து நின்றன. கண்ணில் மூடியோடு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இதே போல எனக்கு ஒன்று வந்து, உன்னை யார் கூட்டிப்போவார்கள் என்று கேட்டால், யார் பெயரைச் சொல்வது என்று இரவெல்லாம் யோசித்தும் எனக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கவில்லை. ஜோக் எதுவும் சேர்க்காமல் கேட்டேன்.

"அண்ணா, எனக்கு இப்படி ஒரு நாள் வந்தா, நீங்க வருவீங்களா?"

அவர் முன்னால் நின்ற கார்களைப் பார்த்தபடியே சொன்னார்.

"கண் தெரிஞ்சா வருவன்."